வறண்ட மாதங்கள்

சேசு மரி சூசை துணை

மேட்டு மடம், காஸ்ட்ரீஸ்
செயின்ட் லூசியா
3 செப்டம்பர் 2022

அன்புள்ள தங்கச்சி லூசெத்துக்கு,

அக்கா ஒனோரின் எழுதிக்கொள்வது. மடத்தில் நாங்கள் பதினோரு பேரும் கடவுள் கிருபையால் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் ஃபப்ரீஸும் நலமா? உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடச் சமையலில் அந்தப் பெரிய அண்டாவை இன்னும் நீதான் தூக்குகிறாயா?

நலம் என்று எழுதிவிட்டேன். அது முழுக்க உண்மை இல்லை. போன மாதம் காலைச் செபத்தில், சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது என் வெள்ளை அங்கியின் பின்பக்கம் முழுக்க ரத்தம். சகோதரி பெனெதிக்தாவை உனக்கு நினைவிருக்கும், நான் மடத்துக்கு வந்த நாளிலிருந்து என்னைக் கவனித்துக்கொண்டவர். எண்பத்தாறு வயதில் தரையில் உட்கார்ந்து, தன் சால்வையை என் மேல் போர்த்தி, "யாரும் பாக்கலம்மா, யாரும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு வருடமாகவே விலக்கு நாட்கள் மோசமாக இருந்தன. சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டேன். மாத்யூரின் என்ற டாக்டர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டிகள். புற்று இல்லை, பயப்படாதே. இந்தத் தீவில் பாதிப் பெண்களுக்கு இருக்கிறதாம். என்னுடையதில் பெரியது ஒரு மாம்பழ அளவு. உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்துபோனதால் இப்போதைக்குக் கத்தி வைக்க முடியாது என்றார். ரத்தம் ஏறியதும் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை.

"உங்களுக்கு அது எதுக்கு சிஸ்டர்? எடுத்துட்டா ஒரேயடியா நிம்மதி."

எங்கள் மடத்துத் தலைவி மதர் யுலாலியும் அதையே சொன்னார். கெட்டுப்போன பல்லைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீ கேட்காதே.

அப்படியானால் மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். தினம் ஒன்று. மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் உத்தரவை அது நிறுத்திவிடுமாம். தனக்கு வயதாகிவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும், ரத்தம் நிற்கும், கட்டி சுருங்கும். எலும்பு கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் ஹார்மோனை அதே மாத்திரையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது. அந்த மாத்திரை இங்கே கிடைக்கவில்லை, உங்கள் ஊரில் கிடைக்கும் என்கிறார். மருந்துச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன்னால் முடிந்தால் பார்.

ஃபப்ரீஸுக்கு என் ஆசீர். உங்கள் இருவருக்காகவும் தினம் செபிக்கிறேன்.

இயேசுவின் அன்பில்,
அக்கா சகோ. ஒனோரின்


ஃபோர்-து-ஃபிரான்ஸ்
மார்த்தினிக்
12 செப்டம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

லூசெத். நாங்கள் இருவரும் நலம். முழங்கை இருக்கிறது, அண்டாவும் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை ஓங்கி ஒரு அறை விடலாம் என்று இருந்தது. இரண்டு வருடம்! மாதம் ஒருமுறை உன்னைப் பார்க்க வந்து, அந்தக் கம்பிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் கதையெல்லாம் கொட்டிவிட்டுப் போயிருக்கிறேனே, ஒரு வார்த்தை சொன்னாயா? நீ வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்து ஏதோ தவத்தின் ஒளி என்று நினைத்தேன், மடச்சி.

சீட்டை எங்கள் டாக்டரிடம் காட்டி மாற்றி எழுதி வாங்கி மருந்துக்கடைக்குப் போனோம். ஃபப்ரீஸும் வந்திருந்தார். கடைக்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கா?"

"எங்க அக்காவுக்கு."

"இது சாப்பிடறப்ப கர்ப்பமா இருக்கக் கூடாது. இல்லைன்னு உறுதியாத் தெரியுமா?"

"அவ கன்னியாஸ்திரி சார். அடைப்பு மடம், கம்பிக்குப் பின்னாலதான் ஆளையே பாப்பாங்க. அப்படி ஏதாவது இருந்தா இந்நேரம் குழந்தையைப் பாக்க மூணு ராஜாக்கள் ஒட்டகத்துல கிளம்பியிருப்பாங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஃபப்ரீஸ் மட்டும் வெளியே போய் நின்றுகொண்டார். அவருக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. பிறகு வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் சிரித்தோம்.

மூன்று மாதத்துக்கு உண்டான பெட்டிகளைப் படகில் டிக்கெட் கிழிக்கும் சிப்ரியனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மடத்து வாசல் மணியை அவனே வந்து அடிப்பான். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டுமாம். உனக்குத்தான் நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே, ஏதாவது ஒரு மணிக்குச் சாப்பிடு.

சிலுவையில் இருக்கும் அத்தானைக் கேட்டதாகச் சொல். பெண்டாட்டியை இப்படியா பார்த்துக்கொள்வது என்று நான் கேட்டதாகவும் சொல்.

உன் தங்கை,
லூசெத்


சேசு மரி சூசை துணை

மேட்டு மடம், காஸ்ட்ரீஸ்
20 அக்டோபர் 2022

அன்புள்ள லூசெத்துக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்குச் செபிக்கிறேன்.

நின்றுவிட்டது! முதல் சில நாள் கொஞ்சம் வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. மூன்று துணி மடித்து வைத்துக்கொண்டு செபக்கூடத்துக்குப் போன நான், இப்போது சும்மா நடந்து போகிறேன். காற்றில் நடப்பது போல இருக்கிறது. ஒரு தொல்லை, திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. பூசைக்கான அப்பம் சுடும் அடுப்பங்கரையில் இருக்கும்போது வந்தால் அடுப்பு எது நான் எது என்று தெரியவில்லை. "வயசான அம்மாக்கள் கூட்டத்துக்கு வா வா" என்று சகோதரி பெனெதிக்தா கை தட்டிச் சிரிக்கிறார். சிரித்தால் அவருக்கு இருமல் வருகிறது. மழைக்காலம் தாண்ட வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது.

திங்கட்கிழமை மார்கரித் பூத்திருவிழா. ஊர்ப் பூச்சங்கத்தாரின் பாட்டும் மத்தளமும் மேடு ஏறி எங்கள் தோட்டம் வரை கேட்டது. பெனெதிக்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினார். மதர் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார்.

உன் அத்தான் மிகவும் சுகமாக இருக்கிறார். கொழுந்தியாள் பூசைக்குப் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கச் சொன்னார். விளையாட்டு இருக்கட்டும். நான் செபக்கூடத்தில் முழங்கால் போட்டதும் அவர் வந்துவிடுகிறார், லூசெத். இருபத்தொரு வருடமாக அப்படித்தான். நெஞ்சுக்குக் கீழே ஒரு கதகதப்பு, யாரோ விளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே வருவது போல. சில நாள் அழுகை வந்துவிடும். மற்றவர்களுக்குச் செபத்தில் வறட்சி வருகிறது என்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இதற்கெல்லாம் நான் தகுதியானவள் இல்லை.

ஃபப்ரீஸுக்கு என் அன்பு. அடுத்த முறை வரும்போது அவரையும் அழைத்து வா.

இயேசுவின் அன்பில்,
அக்கா


மேட்டு மடம்
24 நவம்பர் 2022

அன்புள்ள லூசெத்துக்கு,

நலம். நீங்கள் நலமா? உன் பதில் வரவில்லை. இந்த மாதம் நீ வரவும் இல்லை. பரவாயில்லை, வேலை இருக்கும்.

ஞாயிறு அன்று திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும் வரை நாங்கள் கடிதம் எழுதுவதோ யாரையும் சந்திப்பதோ இல்லை என்பது உனக்குத் தெரியும். மாத்திரை தீரப்போகிறது. சிப்ரியனிடம் கொடுத்து அனுப்பு. ரத்தம் இல்லை. உடம்பு கொதிப்பதும் குறைந்துவிட்டது. டாக்டருக்குத் திருப்தி.

சகோதரி பெனெதிக்தா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். நெஞ்சுச் சளி. நான்தான் குளிப்பாட்டினேன். உடம்பு லேசாக இருந்தது. தலைமுடி குட்டையாக, வெள்ளையாக இருந்தது, அதுவரை நான் பார்த்ததில்லை. அடக்கம் முடிந்ததும் அப்பம் சுடப் போனேன், ஞாயிறு பூசைக்கு வேண்டியிருந்தது.

மழை விடவில்லை. சீமைப்பலா நிறையக் காய்த்திருக்கிறது.

அக்கா


ஃபோர்-து-ஃபிரான்ஸ்
28 டிசம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். மாத்திரை வந்து சேர்ந்ததா? சிப்ரியன் சேர்ந்தது என்றான், ஆனால் அவன் பேச்சை நம்பி விதைக்க முடியாது.

நான் சுகம். கிறிஸ்துமஸுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு சின்னக் கோழி வாங்கினேன், மூன்று நாள் வந்தது.

அக்கா, உன் நவம்பர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் என்ன குறைகிறது என்று தெரியவில்லை. ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தது போல இருந்தது. பிறகு கவனித்தேன். தாளின் தலையில் நீ எப்போதும் எழுதும் அந்த மூன்று பேரும் இல்லை. அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செபிக்கிறேன் என்றுகூட இல்லை. இருபத்தொரு வருடமாக உன் கடிதங்களில் அவர் இல்லாத பக்கம் கிடையாது. எனக்கே சலித்துப் போகும் அளவுக்கு எழுதுவாய்.

பெனெதிக்தா அம்மா போய்விட்டார். உன்னைப் பெற்றவள் மாதிரி இருந்தவர். அதற்கு நாலு வரி, அதிலும் பாதி தலைமுடி. முன்பு மடத்துக் கோழி ஒன்று செத்ததற்கு எனக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினவள் நீ.

மதர் இப்போது கடிதங்களைப் படிப்பதில்லை என்று நீதான் சொன்னாய். அப்படியானால் என்னிடம் சொல். என்ன ஆச்சு?

லூசெத்


மேட்டு மடம்
18 ஜனவரி 2023

அன்புள்ள லூசெத்துக்கு,

மாத்திரை வந்தது. உடம்பு நலம். ரத்த அளவு நன்றாக ஏறியிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். வருத்தமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். வருத்தமாக இல்லை. எதுவாகவும் இல்லை.

செபக்கூடத்துக்குப் போகிறேன். முழங்கால் போடுகிறேன். எதிரே சுவர் இருக்கிறது, மெழுகுதிரி இருக்கிறது, மரப்பலகை இருக்கிறது. அவ்வளவுதான். யாரும் வருவதில்லை. முதலில் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது. பல்லில் ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் அது வேறு யாருடைய உதடோ போல இருக்குமே, அப்படி. பெனெதிக்தாவின் முகத்தைத் துடைக்கும்போதும் அப்படித்தான் இருந்தது. இப்போது அழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அழுதார்கள். அவர்கள் எப்படி அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கும் தெரியாது. பாடுகிறேன், வேலை செய்கிறேன், யார் என்ன சொன்னாலும் சரி என்கிறேன். சண்டை இல்லை. "நீ ரொம்ப அமைதியாயிட்ட ஒனோரின்" என்று மதர் போன வாரம் என் கன்னத்தைத் தட்டினார்.

உன் கடிதத்தையும் நான் இரண்டு முறை படித்தேன். நீ எப்போதும் 'நாங்கள்' என்று எழுதுவாய். இந்தத் தடவை எல்லாம் 'நான்'. ஒரு சின்னக் கோழி மூன்று நாள் வந்தது என்கிறாய். ஃபப்ரீஸ் இருந்தால் ஒரு வேளைக்குக் காணாது.

அக்கா


ஃபோர்-து-ஃபிரான்ஸ்
3 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். அக்டோபர் கடைசியில் போனார். ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். சட்டையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"சும்மா, காத்து வாங்க."

பெட்டியோடு யாராவது காற்று வாங்கப் போவார்களா அக்கா? குவாதலூப்பில் ஒருத்தி இருக்கிறாளாம். படகு மெக்கானிக்குக்கு எல்லாத் துறைமுகமும் ஒன்றுதான். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. நீ செபிப்பேன் என்பாய், எனக்குக் கோபம் வரும், அதற்குத்தான். அழுதேன், பாத்திரத்தை உடைத்தேன், அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டுத் திட்டினேன், பிறகு நாலு கிலோ இளைத்தேன். இப்போது சாப்பிடுகிறேன். அதை விடு.

உன் கடிதத்தோடு நேராக மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துக் காட்டினார். "மனசு சோர்ந்து போறது, எதிலயும் பிடிப்பில்லாம போறது சிலபேருக்கு வரும். வந்தா உடனே டாக்டர்கிட்டச் சொல்லணும். அக்கா சொன்னாங்களா?" நீ சொல்லியிருக்க மாட்டாய். அந்தத் தாளை நீ விரித்திருக்கவும் மாட்டாய்.

கேட்டுக்கொள். போனது அத்தான் இல்லை. உன் உடம்பில் எதையோ இந்த மாத்திரை அணைத்து வைத்திருக்கிறது. டாக்டரிடம் போய்ச் சொல். நிறுத்து. ரத்தம் இப்போது ஏறிவிட்டது, வேறு வழி சொல்வார்கள். உடனே எழுது.

லூசெத்


மேட்டு மடம்
20 பிப்ரவரி 2023

அன்புள்ள லூசெத்துக்கு,

நலம். ஃபப்ரீஸ் விஷயம் அறிந்தேன். நான் வருத்தப்பட வேண்டும். நீ உடைத்த பாத்திரங்களை நினைத்துப் பார்த்தேன். உன்னால் அப்படி உடைக்க முடிந்தது, நல்லது.

டாக்டரிடம் சொல்லப் போவதில்லை. காரணத்தை ஒரு முறை எழுதுகிறேன், பிறகு கேட்காதே.

மாத்திரையை நிறுத்தி அவர் திரும்பி வந்தால், இருபத்தொரு வருடமாக என்னிடம் வந்தது அவர் இல்லை, என் சூலகம் என்று ஆகிவிடும். நிறுத்தியும் வரவில்லை என்றால், அவர் உண்மையாகவே போய்விட்டார் என்று ஆகிவிடும். இரண்டில் எதைத் தெரிந்துகொள்ள நான் அவசரப்பட வேண்டும்? இப்படியே இருந்தால் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. வலியும் இல்லை.

நாளை மறுநாள் சாம்பல் புதன். ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது. நீ எழுதினாலும் ஈஸ்டருக்குப் பிறகுதான் என் கைக்கு வரும். மாத்திரையை மட்டும் அனுப்பிவிடு.

அக்கா


ஃபோர்-து-ஃபிரான்ஸ்
6 மார்ச் 2023

மதிப்பிற்குரிய மதர் யுலாலி அவர்களுக்கு,

வணக்கம். சகோதரி ஒனோரினின் தங்கை லூசெத் எழுதுகிறேன். தாங்களும் மற்றச் சகோதரிகளும் நலம் என்று நம்புகிறேன்.

தவக்காலத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். நான் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, எனக்கு முறை தெரியாது. என் அக்காவின் கடைசிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவள் என்னை நம்பி எழுதியது. அதை உங்களுக்கு அனுப்புவது துரோகம் என்று தெரிந்தே அனுப்புகிறேன்.

அவள் சாப்பிடும் மாத்திரையால் சிலருக்கு மனம் செத்துப்போகும் என்று இங்கே மருந்துக்கடையில் சொல்கிறார்கள். சிலர் அதற்கும் மேலே போய்விடுகிறார்களாம். அதை எழுதக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மேட்டின் பின்பக்கம் செங்குத்துப் பாறை இருக்கிறது, மதர். அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. சின்ன வயதில் நாங்கள் அங்கேதான் ஆடு மேய்ப்போம்.

அடுத்த மாத்திரைப் பெட்டியை நான் அனுப்பப் போவதில்லை. அவளிடம் இருப்பது மாதக் கடைசி வரை வரும். தயவுசெய்து அதற்கு முன் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

தங்கள்,
லூசெத் ஷார்லரி


மேட்டு மடம், காஸ்ட்ரீஸ்
16 மார்ச் 2023

கிறிஸ்துவுக்குள் அன்பான லூசெத்துக்கு,

இறை ஆசீர். தவக்காலத்தில் நாங்கள் எழுதுவதில்லை என்பது எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தை மீற அதிகாரம் உள்ளவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான், அதனால் மீறுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே ஒனோரினை என் அறைக்கு அழைத்தேன்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் மதர்."

"உன் தங்கச்சி எழுதியிருக்கா."

மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள். "போன வருஷக் கடைசியில இருந்து செபக்கூடத்துல நான் யார்கிட்டயும் பேசல மதர். வாய் மட்டும் அசையுது."

பாறைப் பக்கம் போனாயா என்று கேட்டேன். அடிக்கடி போய் நிற்பதாகச் சொன்னாள். "குதிக்கணும்னு தோணல. குதிக்கக் கூடாதுன்னும் தோணல" என்றாள். மகளே, நாற்பது வருடம் இந்த மடத்தில் இருக்கிறேன், அந்த வார்த்தையைப் போல எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் இந்த வீட்டில் எல்லாரிலும் சுலபமானவளாக அவள் ஆகியிருந்தாள். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை, எந்த வேலைக்கும் மறுப்பு இல்லை. நான் அதைப் புண்ணியம் என்று நினைத்தேன். அடுத்த தேர்தலில் எனக்குப் பின் அவளே தலைவியாக வரலாம் என்றுகூட மறைமாவட்ட ஆயரிடம் சொல்லியிருந்தேன்.

மறுநாளே நானே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை நிறுத்தப்பட்டுவிட்டது. ரத்தம் நன்றாக இருப்பதால் ஜூனில் ஆபரேஷன் செய்யலாம் என்றார். கர்ப்பப்பையை எடுப்பதுதான் சுலபம் என்று மறுபடி சொன்னார். ஒனோரின் மறுத்தாள். வரும் வழியில் வண்டியில் காரணம் கேட்டேன்.

"ஆண்டவருக்கு வார்த்தைப்பாடு குடுக்கறப்ப அதையும் சேத்துத்தானே மதர் குடுத்தேன்? இல்லாததை எப்படித் தினம் குடுக்கறது?"

கட்டிகளை மட்டும் எடுக்கும்படி டாக்டரிடம் நானே சொல்லப் போகிறேன். அதுவரை சகோதரி தெரேஸ் அவளோடு ஒரே அறையில் படுக்கிறாள். பாறைப் பக்கம் வேலி போட ஆள் சொல்லிவிட்டேன்.

நீ செய்தது துரோகம் அல்ல.

மதர் யுலாலி


மேட்டு மடம்
24 ஏப்ரல் 2023

லூசெத்,

உன்னை யார் மதருக்கு எழுதச் சொன்னது? உனக்கு என்று எழுதிய கடிதம் அது. உனக்கு மட்டும். அதை மடித்து உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாய், மீன் பொட்டலம் மாதிரி. இனி உனக்கு நான் எதை நம்பி எழுதுவது? தெரேஸ் என் அறையில் படுத்துக் குறட்டை விடுகிறாள். கழிவறைக்குப் போனால் வாசலில் நிற்கிறாள். எல்லாம் உன்னால்.

போன வாரம் ரத்தம் வந்துவிட்டது. நிறைய. அதே துணி, அதே வலி. வெள்ளிக்கிழமை அப்பம் சுடும் இரும்புத் தட்டைத் தரையில் போட்டேன். கை தவறி அல்ல. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். "பெனெதிக்தாவோட செருப்பு இன்னும் இங்கயே கிடக்கே, யாருக்காவது குடுத்துடலாமா?" என்று தெரேஸ் கேட்டாள், அவ்வளவுதான். நான் கத்திய கத்தலில் தோட்டத்துக்காரர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். பிறகு அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மதிய மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டினேனே, லூசெத், வெந்நீர் சூடு சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

செபக்கூடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. மற்றவர்கள் பாடுகிறார்கள், நான் நிற்கிறேன். நேற்று மட்டும் எல்லாரும் போனபின் கேட்டேன். "ஒரு மாத்திரைக்குப் பயந்தா ஓடிப்போனீங்க? அப்ப நீங்க யாரு? இத்தனை வருஷம் வந்தது யாரு?"

உன் மேல் கோபம் தீரவில்லை. ஜூன் பன்னிரண்டு ஆபரேஷன். முடிந்தால் வா.

ஒனோரின்


மேட்டு மடம், காஸ்ட்ரீஸ்
15 ஜூலை 2023

அன்புள்ள லூசெத்துக்கு,

நலம். தையல் பிரித்தாயிற்று. குனிந்தால் மட்டும் இழுக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்து வேலைக்குப் போகிறாயா? ஆஸ்பத்திரி நாற்காலியில் நாலு நாள் தூங்கியதில் உன் முழங்கையோடு கழுத்தும் சேர்ந்துகொண்டதே, இப்போது எப்படி இருக்கிறது?

கட்டிகள் மறுபடி வளரலாம் என்று டாக்டர் நேற்று சொன்னார். வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம். என்னுடையது என்னிடம் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா தன்னுடையதை எடுத்துவிட்டு, "போச்சுடா சனியன்" என்று கும்பிட்டாரே, அவரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவருக்கு அது சரி.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று படகுத்துறைக்குப் போகும் வழியில் மடத்து வாசலில் இறங்கி, கம்பிக்குள் கையை விட்டு என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "வந்தாச்சா?" என்று ஒரே வார்த்தை கேட்டாய். யார் என்று சொல்லவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வரவில்லை.

அழுகை வருகிறது, கோபம் வருகிறது, பசி வருகிறது. மழை விட்ட காலையில் தோட்டத்துக்குப் போனால் மனம் சும்மாவே சந்தோஷப்படுகிறது. மாத்திரை பறித்துக்கொண்டு போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது, அவரைத் தவிர. அதனால் முன்பு வந்தது என் சூலகம் இல்லை என்று ஆகிறது. அந்த ஒரு பயம் தீர்ந்தது. மற்றொன்று அப்படியே இருக்கிறது.

மதர் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு வருடம் வெளியே இருந்து பார்க்க ஆயர் அனுமதி கொடுப்பாராம். உன்னிடம் வந்து இருக்கலாம் என்றார். நீ ஏற்கெனவே அவரிடம் பேசியிருக்கிறாய் என்றும் தெரிந்தது. மறுபடியும்! கோபப்படவில்லை. உன் கட்டிலில் ஒரு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது என்று நீ மதரிடம் சொன்னாயாம். அதைக் கேட்டு அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. உன்னோடு சந்தைக்குப் போகலாம், பேருந்தில் சன்னலோரம் உட்காரலாம். மூன்று வாரம் யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ஃபப்ரீஸ் போன மறுவாரமே வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டதாகச் சொன்னாய். நல்ல காரியம் செய்தாய். திரும்பி வந்து நின்றால் நிற்கட்டும், உள்ளே விடாதே.

நான் என் பூட்டை மாற்றவில்லை, லூசெத். இங்கேயே இருக்கிறேன் என்று நேற்று மதரிடம் சொல்லிவிட்டேன். காலையில் மணி அடித்ததும் எழுந்து போய் அந்தச் சுவருக்கு எதிரே நிற்கிறேன். பாட்டும் பாடுகிறேன், கோபத்தோடுதான். இதை அன்பு என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவர் வரும் அன்று நான் வீட்டில் இல்லை என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் வா. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஒனோரின்